கட்டையை இறக்கிப் பாடுங்கள்

கேள்வி: மணமுறிவுக்குப் பிறகு, ‘நான் மகாராணி’, ‘என்னை யாரும் வீழ்த்த முடியாது’ என்கிற மாதிரிப் பாட்டுகளாகத் தேடித் தேடிக் கேட்கிறேன். கேட்டால் தெம்பாக இருக்கிறது. நானே வாய்விட்டுப் பாடினால் மட்டும் பொய் சொல்கிற மாதிரி நாக்கு கூசுகிறது. ஏன்?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: நாக்கு கூசுவதில் நியாயம் இருக்கிறது அம்மா. ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன்மேல் மதிப்புக் குறைந்தவர்களை, ‘நான் அன்புக்குத் தகுந்த ஆள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வைத்தார்கள். அவர்களுக்கு மனசு இன்னும் சோர்ந்ததுதான் மிச்சம். ஏற்கெனவே தன்னை மதித்தவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன்.

மகாராணியைக் கொஞ்ச நாள் ஓரமாக உட்கார வையுங்கள். இப்போது உங்களுக்குத் தோது, எடுத்த எடுப்பிலேயே ‘பயந்துபோனேன்’ என்று ஒப்புக்கொள்கிற பாட்டு. அமெரிக்கப் பாடகி குளோரியா கேனரின் ‘ஐ வில் சர்வைவ்’ அப்படித்தான் தொடங்கும். விட்டுப்போன காதலனைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. ஆனால் 1978இல் அதைப் பதிவு செய்தபோது, மேடையில் விழுந்து, முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார் அவர். வார்த்தை காதலனுக்கு, மூச்சு முதுகுக்கு. முதலில் அதை இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள் என்பது தனி வேடிக்கை.

என் கதையும் ஒன்று. பாட்டு சொல்லிக்கொடுத்தே பிழைத்த எனக்குக் குரல்நாணில் முடிச்சு விழுந்தது. பாடாதே, பேசாதே, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். வாரக்கணக்கில் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பப் பாட உட்கார்ந்த அன்று, வீம்புக்கு என் பழைய ஐந்து கட்டைச் சுருதியிலேயே எடுத்தேன். மேலே போகும்போது குரல் பிளந்தது. அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும்!

மறுநாள் மூன்று கட்டைக்கு இறக்கினேன். அதே பாட்டு. கரகரப்புதான், ஆனால் கடைசி அடிவரை போனது.

பதிவில் பாடியவருடைய சுருதியிலேயே தொண்டையைக் கிழித்துக்கொண்டு, ‘எனக்குப் பாட வராது’ என்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் சுருதியோடு வரியையும் இறக்குங்கள். ‘நான் மகாராணி’ வருகிற இடத்தில், ‘இன்றைக்கு எழுந்து தலை வாரினேன்’ என்று போட்டுப் பாடுங்கள். தாளம் இடிக்கும், பரவாயில்லை. அன்றைக்கு நிஜமாகவே தலை வாரியிருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை.

கேள்வி: ‘என்னை எனக்குப் பிடிக்கும்’ என்று பாடுவது தற்பெருமை இல்லையா?

பதில்: மைக் பிடித்துப் பாடினால் யோசிக்கலாம். குளியலறையில் யாரிடம் பெருமையடிக்கப் போகிறீர்கள்?

கேள்வி: ஆசையாகப் பாடி செல்போனில் பதிவு செய்தேன். கேட்டதும் என் குரலே எனக்கு வெறுத்துப்போனது.

பதில்: பாடும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உங்கள் காதுக்கு வருகிறது. எலும்பு கீழ் ஒலிகளை நன்றாகக் கடத்தும். அதனால் உள்ளே கனமாகக் கேட்கும். பதிவில் அந்தக் கனம் இருக்காது. மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டுவருவது அந்த மெல்லிய குரலைத்தான். அதைக் கேட்டுத்தான் உங்களோடு பழகுகிறார்கள். பதிவை அழித்துவிடாதீர்கள். பத்து நாள் கழித்து அதே பாட்டைப் பதிந்து, எந்தெந்த இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறீர்கள் என்று மட்டும் ஒப்பிட்டு எழுதுங்கள்.