பித்தளைத் தகட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: உடுமலை பக்கம் தோட்டத்தில் கிடந்த பழைய லிஸ்டர் ஆயில் இன்ஜின் ஒன்றைப் புரோக்கர் 85,000 ரூபாய் சொல்கிறார். 'டர்ஸ்லி, இங்கிலாந்து' என்று தகடு இருக்கிறது. தண்ணீர் இறைக்க அல்ல, ஓட்டிப் பழகி வைத்துக்கொள்ள ஆசை. நம்பி வாங்கலாமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: தகட்டை நம்பி வாங்காதீர்கள். இரண்டு ரிவெட்டைத் தட்டினால் கழன்றுவிடும். எந்த இன்ஜினிலும் ஏறிவிடும். லிஸ்டர் கம்பெனியின் டர்ஸ்லி ஆலையில் 1930 வாக்கில் வந்த சி.எஸ். மாடலை குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அச்சு அசலாக வார்த்துத் தள்ளியிருக்கின்றன. அதுவும் ஓடும், பழக அதுவே போதும். அதற்கு இங்கிலாந்து விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அசலா என்று பார்க்க, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். பழைய டர்ஸ்லி இன்ஜினில் கையால் திருகும் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே திருகினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, கூடும். சூடேறியதும் வெளியே திருகிவிடுவார்கள். ராஜ்கோட் இன்ஜினில் பெரும்பாலும் அது கிடையாது. ஆனால் சக்கரம் இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிந்தைய டர்ஸ்லி இன்ஜின்களிலும் அது இல்லாதவை உண்டு. தவிர, நம் ஊரில் ஹெட் வெடித்தால் கோவையிலோ ராஜ்கோட்டிலோ வார்த்த ஹெட்டை மாட்டி ஓட்டியிருப்பார்கள்; அடியில் இருக்கும் பாடி அசலாகவே இருக்கும். ஆகவே சக்கரம் இருந்தால் நல்ல அறிகுறி, இல்லாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

அசலோ நகலோ, நிலைமைதான் முக்கியம். சொல்லாமல் போய் நில்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால், நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்து, ஒரே சுற்றில் கிளப்பிக் காட்டுவார்கள். போனதும் சிலிண்டரில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

பளபளவென்று பச்சை பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். சிலிண்டருக்கு அடியில் ஆயில் நிற்கும் கிராங்க் கேஸின் கதவைக் கழற்றச் சொல்லி, உள்மூலையில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். மணல் மணலாக வந்தால் வார்ப்பு மணலைச் சுத்தம் செய்யாமல் விட்ட இன்ஜின். ஆயிலோடு சேர்ந்து அந்த மணல் பேரிங்கைத் தின்றிருக்கும். தண்ணீர் வழியிலும் குச்சி விட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் உப்பு கட்டியிருந்தால் இன்ஜின் சூடாகிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, இன்ஜினின் இரு பக்கமும் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளை வீல். ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல், 6 குதிரைச் சக்தி இன்ஜினில் நிமிடத்துக்கு 650 சுற்று. அதைப் பிடித்து வைப்பது ஷாஃப்டில் அடித்த ஓர் இரும்புக் கீ, அதாவது ஆப்பு. கீயின் ஓரத்தில் செங்காவித் தூள் கசிந்திருந்தால் வீல் ஆட்டம் கண்டுவிட்டது என்று அர்த்தம். வீலின் ஆரக்காலில் வெல்டிங் இருந்தால் பேரமே வேண்டாம், வந்த வழியே கிளம்புங்கள்.

"பேப்பர் மாற்ற ஐயாயிரம் ஆகும்" என்பார் புரோக்கர். நிலையாக நிற்கும் இன்ஜினுக்கு ஏது ஆர்.சி. புத்தகம்? விற்பவர் கையெழுத்திட்ட ரசீது போதும். கமிஷனையும் அவர் இரண்டு பக்கமும் வாங்குவார். தோட்டக்காரரிடம் நேரில் ஒரு வார்த்தை பேசினால் 85,000 எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

இந்தப் புரோக்கர்களை வளர்த்துவிட்டது யார்? அரசுக் கிடங்குகளில் நிற்கும் பழைய இன்ஜின்களைக் கழிவு இரும்பு என்று மொத்த லாட்டாக ஏலம் விடுகிறார்கள். எனக்கு ஒன்று போதும் என்றால் தர மாட்டார்கள். முழு லாட்டுக்கும் முன்வைப்புத் தொகை கட்டு என்பார்கள். கட்டுவது காயலான் கடைக்காரர். எடைக்கு வாங்கிப் பித்தளையைக் கழற்றி, மிச்சத்தை உடைத்துவிடுகிறார். உடையாமல் தப்பிய ஒன்றிரண்டுக்குத்தான் புரோக்கர் சொன்னது விலை.

வாங்கினால் முதலில் கான்கிரீட் மேடை போட்டு போல்ட் இறுக்குங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். இன்ஜின் எதிர்ச்சுற்று அடித்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முறியும். பக்கத்தில் போகும்போது வேட்டியும் துண்டும் வேண்டாம். ஸ்டார்ட் செய்யக் கற்பதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். டீசல் பம்பை மூடும் லீவர் எங்கே என்று விற்பவரையே இயக்கிக் காட்டச் சொல்லி, பிறகு பணத்தை எடுங்கள்.