தர்மக் கணக்கில் ஒரு குர்த்தா

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், ஒரு கண்காட்சியில் பார்த்த குர்த்தாவை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பினாள். "அம்மா, 3,200 ரூபாய். இதில் ஒரு பகுதி பெண் குழந்தைகள் படிப்புக்குப் போகுதாம். உனக்கும் ஒண்ணு எடுக்கட்டுமா?" என்கிறாள். என் வீட்டுக்காரரோ, "தர்மபுரியில் 1,200-க்கு எடு, மீதி 2,000-ஐ நேரா ஏதாவது இல்லத்துக்குக் கொடுத்துடு" என்கிறார். எனக்கு அந்தத் துணி பிடித்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்குவதைத் தர்மக் கணக்கில் எழுதுவது சரியா?

எம்., காவேரிப்பட்டினம்

அன்புள்ள எம்.,

கணக்குப்படி உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம். 2,000-ஐ நேராகக் கொடுத்தால் 2,000-மும் போய்ச் சேரும். வருமான வரிச் சலுகைக்குப் பதிவு பெற்ற அமைப்பாக இருந்தால் ரசீதும் உங்கள் பெயருக்கே வரும். கடையில் கொடுக்கும் 3,200 துணியின் விலை. அதற்குப் பில் கிடைக்கும், நன்கொடை ரசீது கிடைக்காது. (ஆனால் மிச்சம் பிடித்த அந்த 2,000 நிஜமாகவே இல்லம் வரை போகுமா? எங்கள் வீட்டில் அது மேடை அலங்காரத்தில் கரைந்திருக்கும்.)

எனக்கு இடிப்பது 'ஒரு பகுதி' என்ற சொல். சில வருடம் முன்பு பெங்களூரில் ஒரு கடையில் 799 ரூபாய்க்கு டீ-சர்ட் எடுத்தேன். குழந்தைகள் நலனுக்கு ஒரு பகுதி என்று அட்டையில் போட்டிருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேனேஜரைக் கூப்பிட்டான், அவரும் திருப்பிப் பார்த்தார். மின்னஞ்சல் போட்டேன். அடுத்த முறை வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி என்று பதில் வந்தது. அந்தச் சட்டையில் இப்போது வண்டி துடைக்கிறேன்.

தொகையைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. பிரிட்டனில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாடகியர் குழுவின் பெயரில் ஒரு டீ-சர்ட் விற்றார்கள். விலை 19.40 பவுண்டு. அதில் 11.60 பவுண்டு, பெண்கள் சமத்துவப் பணிகளுக்காக காமிக் ரிலீஃப் அறக்கட்டளைக்கு. பாதிக்கு மேலேயே கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. 2019 ஜனவரியில் கார்டியன் பத்திரிகை துருவியபோதுதான், அதைத் தைத்தவர்கள் வங்கதேசத்து ஆலைப் பெண்கள், கூலி மணிக்கு 35 பென்ஸ் என்று தெரியவந்தது. கேட்டு அந்தப் பாடகியரே அதிர்ந்து போனார்கள். பெண்களுக்காக விற்ற சட்டை, பெண்களின் முதுகில் ஏறி வந்திருக்கிறது.

விடியற்காலையில் நம்மூர் ரோட்டில் டிபன் பாக்ஸோடு ஓசூர் வேனுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஆயத்த ஆடை ஆலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஏதோ ஒரு தர்மச் சட்டைக்குக் காலர் வைப்பது அவர்களாகவும் இருக்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதானே இதையெல்லாம் விற்கிறார்கள்? நீங்கள் மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிறவர். ஒரு கல்லுக்கு ஒன்று விழுவதே எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் சிட்லிங்கி. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கிற பள்ளத்தாக்கு. 1993-ல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் குடிசையில் மருத்துவமனை தொடங்கிய ஊர். அங்கே தாண்டா எனப்படும் லம்பாடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. அந்தப் பெண்களின் பூத்தையல், உடுப்பு மாறிய பிறகு வழக்கொழிந்து, வயதான ஓரிருவர் கையில் மட்டும் மிஞ்சியிருந்தது. 2006 வாக்கில் லலிதாவின் முயற்சியில், பழைய துணிகளை வைத்துப் பார்த்துப் பார்த்து மீட்டெடுத்தார்கள். சேலை, குர்த்தா, பை என்று அந்தத் தையலைப் போட்டு விற்கிறது அவர்களுடைய சங்கம். பெயர் 'போர்கை'. லம்பாடிப் பேச்சில் பெருமை என்று பொருள்.

நான் போனபோது ஒரு அம்மா துணியை மூக்கருகே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். துணியில் கோடு எதுவும் வரைந்திருக்கவில்லை. ஊசி முனையால் நெசவின் இழைகளை எண்ணி எண்ணிக் குத்துகிறார். ஒரு இழை தப்பினால் வரிசையே கோணிவிடும். அப்படித் தப்பிய ஒரு வரிசையை நான்கு விரல் நீளத்துக்கு, முகம் சுளிக்காமல் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நான் ஒரு பை எடுத்தேன். 450 ரூபாய். 500 கொடுத்து, மீதி இருக்கட்டும் என்றேன். அவர் ஐம்பது ரூபாயைப் பையின்மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"பைக்குத்தான் வெல போட்டிருக்குதுங்களே."

எனக்குக் காது சுட்டது.

மகளிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒரு குர்த்தாவுக்கு எத்தனை ரூபாய், எந்த அமைப்புக்குப் போகிறது? தைத்தது யார், அவருக்கு என்ன கூலி? இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வந்தால், முதல் பதில் கொஞ்சம் வழவழவென்று இருந்தாலும் நான் எடுத்துவிடுவேன். இரண்டுக்கும் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள் என்றால் வேண்டாம். எடுத்தால் துணிக் கணக்கில் எழுதுங்கள். பிடித்த துணியை வாங்குவதற்குத் தர்மத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் சொன்ன 2,000-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். அது அவர் வாயாலேயே சொன்னது. பந்தல்காரர் அட்வான்ஸ் கேட்டு வருவதற்கு முன்னால் கையில் வாங்கிவிடுங்கள்.