கேட்டு அனுப்புங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நிலநடுக்கம் வந்த நாட்டில் பல நாட்டுக் குழுக்கள் போய் இறங்குகின்றன. அங்கே யார் சொல்வதை யார் கேட்க வேண்டும்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அடிபட்ட நாட்டின் அரசு சொல்வதைத்தான். அந்த நாட்டின் சம்மதத்தோடுதான் உதவி போக வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையின் 46/182 தீர்மானம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஐ.நா.வின் ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா யாருக்கும் உத்தரவு போட முடியாது. கூட்டி உட்காரவைத்து வேலையைப் பங்கிடத்தான் முடியும். அதற்காக 2005-இல் 'கிளஸ்டர்' முறை வந்தது. மருத்துவத்துக்கு உலக சுகாதார நிறுவனம், குடிநீருக்கும் கழிப்பறைக்கும் யுனிசெஃப், சரக்குப் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம் என்று துறைக்கொரு தலைமை.

கூட்டத்தின் உயிர் ஒரே ஒரு அட்டவணை: யார், எங்கே, என்ன செய்கிறார்கள். அதில் நிரம்பிய கட்டங்களைவிட வெற்றுக் கட்டங்களைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். சிறு அமைப்புகள் கணக்குக் கொடுக்காமல் விட்டால் சாலையோர ஊருக்கு மூன்று முறை தார்ப்பாய் போகும், மலைமேல் இருக்கும் ஊருக்கு ஒன்றுகூடப் போகாது.

கேள்வி: வெளிநாட்டு மீட்புக் குழு விமானத்தை விட்டு இறங்கியதும் நேராக இடிபாட்டுக்குப் போய்விடுமா? (நெல்லை வாசகர்)

பதில்: போகக்கூடாது. முதலில் விமான நிலையத்தில் உள்ள வரவேற்பு மேசையில் பதிய வேண்டும்: எத்தனை பேர், எத்தனை நாய்கள், எத்தனை டன் கருவிகள், இங்கே என்ன தேவை. உணவும் குடிநீரும் கூடாரமும் அவர்களே கொண்டுவருவார்கள். லாரி, எரிபொருள், முட்டுக்கொடுக்க மரம், வெட்டுவதற்கான வாயு சிலிண்டர் ஆகியவற்றை உள்ளூரில்தான் பிடிக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்த குழு கருவிகளோடு சும்மா நிற்கும். 'கனரக' தரச் சான்று பெற்ற குழுவால் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில், இரவு பகலாகப் பத்து நாள் வேலை செய்ய முடியும். சோதித்த கட்டடத்தில் குறி போடுவது கட்டாயம். குறி இல்லையென்றால் அடுத்த குழு அதே இடிபாட்டை மறுபடி தேடும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் துணி, மருந்து, அரிசி சேர்த்து வைத்திருக்கிறோம். அனுப்பலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: கேட்காமல் அனுப்பாதீர்கள். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. அதுவும் கனமான விமானங்கள் இறங்கிச் சேதமடைந்ததால் எடைக் கட்டுப்பாடு விதித்தார்கள். பெரிய விமானத்தின் சரக்குப் பலகையை இறக்கத் தூக்கு வண்டி வேண்டும். வண்டி காலியாக இல்லையென்றால் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும், பின்னால் வருவது வானத்தில் வட்டமடிக்கும். அங்கே விமான நிலையத்திலேயே நிவாரணச் சரக்குக் கிடங்கு ஒரு மாதம் முன்புதான் தயாராகியிருந்தது. அது இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

பழைய துணியைத் தரம் பிரிக்க ஆள் வேண்டும்; அந்த ஆள்தான் அப்போது கிடைக்கமாட்டார். மருந்து அதைவிடச் சிக்கல். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேவில் சுமார் 4,000 டன் மருந்து குவிந்தது. பெரும்பகுதி அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை. பல பெட்டிகளின் மேலட்டையை அங்கிருந்தவர்களால் படிக்க முடியவில்லை. காலாவதியான மருந்தைச் சும்மா கொட்டவும் முடியாது, எரிக்கத் தனிச் செலவு.

பணமாகக் கொடுப்பதே என் கட்சி. கடை திறந்திருக்கும் ஊரில் பணம் அரிசியைவிட வேகமாக நடக்கும். பொருள்தான் என்று பிடிவாதமாக இருந்தால், அங்கே பெற்றுக்கொள்ளும் அமைப்பிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெறுநர் பெயர் இல்லாத சரக்கு சுங்கத்திலேயே கிடக்கும். ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள், எடை 25 கிலோவுக்குள். கடைசியில் ஒருவர் தோளில்தான் ஏற்ற வேண்டியிருக்கும். உணவுக்குச் சிவப்பு, துணிக்கும் வீட்டுப் பொருளுக்கும் நீலம், மருந்துக்குப் பச்சை என்று பட்டை ஒட்டுங்கள். மருந்து போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். உள்ளடக்கப் பட்டியலைப் பெட்டிக்குள் போட்டு மூடாமல், வெளியே உறையில் ஒட்டி, இன்னொரு பிரதியை விமானம் கிளம்புமுன் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.