டாஸ்க்வாரியரில் பணி எண்கள் மாறிப்போவது ஏன்?

கேள்வி: நாள் முழுவதும் டெர்மினலிலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் சன்னல்) வேலை செய்வதால், செய்ய வேண்டியவற்றைக் குறித்துவைக்க டாஸ்க்வாரியர் என்ற கட்டளைவரி மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அண்மையில் 3 என்ற எண்ணுள்ள பணியை முடிந்ததாகக் குறித்தபோது, வேறொரு பணி பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. இது மென்பொருளின் பிழையா? டூடூ.டெக்ஸ்ட் போன்ற எளிய கருவிக்கு மாறிவிடலாமா?

பதில்: பிழை அன்று. பட்டியலில் டாஸ்க்வாரியர் காட்டும் எண் ஒரு பணியின் நிலையான அடையாளம் அல்ல. நிலுவையில் உள்ள பணிகளுக்கு அப்போதைக்குத் தரப்படும் வரிசை எண் மட்டுமே. ஒரு பணியை முடித்தவுடன் மற்றவற்றின் எண்கள் மாறுவதில்லை. அடுத்த முறை பட்டியலை வரவழைக்கும்போதுதான் முடிந்தவை விலக்கப்பட்டு, எஞ்சியவை புதிதாக எண்ணிடப்படுகின்றன. திரையை மேலே நகர்த்தி ஒரு பழைய பட்டியலைப் பார்த்து அந்த எண்ணை நீங்கள் இட்டிருக்கலாம். அல்லது இடையில் இன்னொரு சன்னலில் பட்டியலை வரவழைத்ததால், உங்கள் கண்முன் இருந்த எண்கள் காலாவதியாகியிருக்கலாம்.

தவறு நேர்ந்தது உடனே தெரிந்தால், 'டாஸ்க் அன்டூ' என்ற கட்டளை கடைசி மாற்றத்தைக் காட்டி, உங்கள் ஒப்புதலைப் பெற்று, அதைத் திரும்பப்பெறும். அதன்பின் வேறு பல மாற்றங்கள் செய்துவிட்டீர்கள் என்றால், அவற்றையெல்லாம் கலைத்துப் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை. 'டாஸ்க் கம்ப்ளீட்டட்' என்ற அறிக்கையில் அந்தப் பணியையும், அதனருகே உள்ள எட்டு எழுத்துக் குறியீட்டையும் காணலாம். அது பணியின் யு.யு.ஐ.டி. எனப்படும் நீண்ட அடையாளத்தின் தொடக்கப் பகுதி. பணி பிறந்தது முதல் மாறாதது. எண்ணுக்குப் பதிலாக அதை இட்டு, 'மாடிஃபை' கட்டளையால் பணியின் நிலையை 'பென்டிங்' (நிலுவை) என மாற்றினால் பணி பட்டியலுக்குத் திரும்பிவிடும். கட்டளைகளைத் தானாக இயக்கும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் எப்போதும் இந்தக் குறியீட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரிசை எண் மனிதர் கண்ணுக்காக ஏற்பட்டது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எண்ணை இடுவதற்குச் சற்று முன் பட்டியலை ஒருமுறை வரவழைப்பதே போதும். பணியின் விவரத்தில் உள்ள ஒரு சொல்லை இரு சாய்கோடுகளுக்கு இடையில் தந்தும் பணியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அச்சொல் எத்தனை பணிகளில் வருகிறது என்று முதலில் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டே முடிந்ததாகக் குறியுங்கள்.

டூடூ.டெக்ஸ்டுக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீராது. அதன் கட்டளைவரிக் கருவியில் எண் என்பது கோப்பின் வரி எண்தான்; முடிந்த பணியை அது தானாகவே வேறு கோப்புக்கு நகர்த்துவதால் அங்கும் எண்கள் நகரும். எந்த உரைத்தொகுப்பானிலும் திறந்து திருத்தக்கூடிய ஒரே கோப்பு, வரிக்கு ஒரு பணி என்ற எளிமை வேண்டுமென்றால் மாறுங்கள். கெடு தேதி, குறித்த நாள்வரை பணியை மறைத்துவைத்தல், அவசரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துதல் ஆகியவை உங்களுக்குப் பயன்பட்டால் டாஸ்க்வாரியரிலேயே இருங்கள்.

ஒரு கூடுதல் எச்சரிக்கை: 2024இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து டாஸ்க்வாரியர் எளிய உரைக் கோப்புகளை விட்டு எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்துக்கு மாறிவிட்டது. நீங்கள் இன்னும் பழைய பதிப்பில் இருந்தால், மேம்படுத்துவதற்கு முன் 'டாஸ்க் எக்ஸ்போர்ட்' கொண்டு எல்லாப் பணிகளையும் ஜேசன் என்ற உரை வடிவக் கோப்பாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.