பைலட் ட்ரெயினிங்கோட சேர்த்து டிகிரியும் படிக்கணுமா?

லைசென்ஸுக்கு டிகிரி தேவையே இல்லைங்க. கமர்ஷியல் லைசென்ஸுக்கு ஐகாவோ (ஐ.நா.வோட சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) வெச்சிருக்கிற மினிமம் 18 வயசு, கிளாஸ் 1 மெடிக்கல் (பைலட்டுக்கான உடல்தகுதிச் சான்று), தியரி பரீட்சை, 200 மணி நேரம் பறந்த கணக்கு (அப்ரூவ்ட் கோர்ஸ்னா 150), ஸ்கில் டெஸ்ட், அவ்ளோதான், நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்.

வேலைக்கு எடுக்குற ஏர்லைன் கேக்குமாங்குறது வேற கதை. அமெரிக்க ஏர்லைன் டெல்டா ரொம்ப வருஷமா நாலு வருஷ டிகிரி கட்டாயம்னு வெச்சிருந்துட்டு 2022ல "இருந்தா நல்லது"ன்னு இறக்கிட்டாங்க. அமெரிக்காவுல இன்னொண்ணு, ஏர்லைன்ல பைலட்டா உக்கார 1500 மணி நேரம் பறந்திருக்கணும், அங்கீகாரம் உள்ள காலேஜ்ல ஏவியேஷன் டிகிரின்னா 1000லயே ஆரம்பிக்கலாம்.

ஆனா நான் டிகிரி பக்கம் நிக்கிறதுக்கு காரணம் மெடிக்கல்தான். இதயத்துலயோ காதுலயோ ஏதாவது கோளாறுன்னு கிளாஸ் 1 போச்சுன்னா லைசென்ஸ் கையில இருந்தும் காக்பிட்ல உக்கார முடியாது, 2020 கொரோனாவுல உடம்பு நல்லா இருந்தவங்களுக்கே வேலை போச்சு. அதனால ஏவியேஷன் டிகிரியே எடுக்காதீங்க, துறை படுத்தா அதுவும் சேர்ந்து படுத்துரும், அக்கவுண்ட்ஸ், கம்ப்யூட்டர் மாதிரி வெளிய செல்லுபடியாகுறதா பாருங்க.

ரெண்டையும் ஒரே நேரத்துல முழுசா இழுக்குறதும் வேணாம். செமஸ்டர் பரீட்சைன்னு ஒரு மாசம் பறக்காம விட்டா லேண்டிங்ல கை மறந்துரும், அதே பாடத்தை திரும்ப காசு குடுத்து பறக்கணும். ட்ரெயினிங் நடக்கும்போது தொலைதூரக் கல்வி போதும், மெடிக்கல மட்டும் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க.