சுருட்டை முடியை ரசாயனத்தால் நிரந்தரமாக, பாதுகாப்பாக நேராக்க முடியுமா?

முடியும். ஆனால் "நிரந்தரம்" என்பது பாதி உண்மைதான். மருந்து பட்ட முடி நேராகவே இருக்கும். மாதம் சுமார் 1 செ.மீ. வளரும் புது முடி சுருட்டையாகத்தான் வரும்.

முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளே சுருளைத் தாங்குகின்றன. நேராக்க முதலில் பூசும் கிரீமிலுள்ள தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் அவற்றை அறுக்கிறது. முடியை நேராக்கியபின் பூசும் நியூட்ரலைசர், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு, புதிய நிலையில் மீண்டும் இணைக்கிறது. முதல் கிரீம் கூடுதல் நேரம் தங்கினால் ஈரமுடி ரப்பர்போல இழுபட்டு அறும். கடிகாரம் பார்க்காத பார்லரிலிருந்து தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்சர் என்ற நேராக்கும் கிரீம் வேறு வகை. தயோகிளைகோலேட் போட்ட முடியில் அதைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும். ப்ளீச், சாயம், கறுப்பு மருதாணிப் பொடி என்று முன்பு போட்ட எதையும் மறைக்காதீர்கள். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒவ்வாமைச் சோதனையும், ஒரு சிறு கற்றையில் முன்னோட்டமும் அவசியம். தலையில் புண் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

முடியை நேராக்கும் இன்னொரு முறையான "கெரட்டின் ட்ரீட்மென்ட்" சாதுவான பெயர்தான். பல கலவைகள் சூடுபட்டதும் புற்றுநோய்க் காரணியான ஃபார்மால்டிஹைடை வெளியிடும். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக மருத்துவ அறிக்கைகள் உள்ளன. கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

முடியை நேராக்கிய பிறகு, பார்லரில் சொல்லும் நாள்வரை, பொதுவாக இரண்டு மூன்று நாள், தலைக்குக் குளிக்கவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அதன்பின் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர், அகலப் பல் சீப்பு. அடுத்தமுறை வேர்ப்பகுதிப் புதுமுடிக்கு மட்டும் மருந்து போடச் சொல்லுங்கள்.