புகையை விட்டதும் இருமல் கூடுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 51. ஈரோட்டில் விசைத்தறி வைத்திருக்கிறேன். 28 ஆண்டுகளாக நாளுக்குப் பதினைந்து சிகரெட் வரை பிடித்து வந்த நான், சென்ற மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன். நான்காம் நாளே இருமலும் சளியும் முன்பைவிட அதிகமாகிவிட்டன. மலச்சிக்கல், தூக்கமின்மை, தொட்டதற்கெல்லாம் கோபம் என்று வேறு தொல்லைகளும் சேர்ந்துகொண்டன. ‘பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது’ என்று நண்பர் சொன்னதால், இப்போது நாளுக்கு நான்கு மட்டும் பிடிக்கிறேன். புகையை மறக்கடிக்கும் மூலிகைப் பொடி என்று 3,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். சாப்பிடலாமா?

பதில்: திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்பது உண்மையன்று. நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் உண்டு. தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிப் போடுகிறது. புகை நின்றதும் அவை மீண்டும் அசையத் தொடங்குவதால், தேங்கிக் கிடந்த சளி இருமலோடு வெளியே வருகிறது. சில வாரங்களில் இது அடங்கிவிடும். சளியில் ரத்தம் தென்பட்டாலோ, ஒரு மாதம் கடந்தும் இருமல் குறையாவிட்டாலோ மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கோபமும் மலச்சிக்கலும் புகையிலையிலுள்ள நிகோடின் கிடைக்காததால் வருபவை. ரத்தத்தில் நிகோடினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடுவதால், மூளை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் மூன்று நாள்தான் உச்சம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். நீங்கள் மீண்டும் பற்றவைத்தது நான்காம் நாளுக்குப் பிறகு, அதாவது மிகக் கடினமான பகுதியைத் தாண்டிய பிறகு. அந்த வாரத்தில் உங்களுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

தூக்கமின்மைக்குக் காபியும் ஒரு காரணம். புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காபியின் காஃபீனை விரைவாகச் சிதைக்க வைக்கின்றன. புகை நின்றபின் அந்த வேகம் குறைவதால், வழக்கமான நான்கு டம்ளர் காபி ஏறக்குறைய இரு மடங்காக வேலை செய்யும். காபியைப் பாதியாகக் குறையுங்கள்.

இதே காரணத்தால் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூச்சுத் திணறலுக்குத் தியோபிலின் கலந்த மாத்திரையோ, மனநலச் சிகிச்சைக்குக் குளோசபின், ஓலன்சபின் மாத்திரைகளோ சாப்பிடுபவர் புகையை நிறுத்தினால், அதே மாத்திரை உடலில் கூடுதலாகத் தங்கும். பல ஆண்டுகளாகத் தியோபிலின் சாப்பிட்டு வந்த ஒருவர், புகையை விட்ட பத்தாம் நாள் வாந்தியும் படபடப்புமாக என்னிடம் வந்தார். வீட்டார் அனைவரும் புகையை விட்டதைத்தான் குற்றம் சொன்னார்கள். மாத்திரையின் அளவைக் குறைத்ததும் சரியானார். இத்தகையோரும் புகையை விடத்தான் வேண்டும்; விடும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் அந்த வாரங்களில் சர்க்கரை அளவு மாறலாம் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் கடிதத்தில் மாத்திரை எதுவும் குறிப்பிடப்படவில்லை. சாப்பிடுவதாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

நாளுக்கு நான்கு என்பதில் பெரிய பாதுகாப்பு இல்லை. நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் மாரடைப்பு அபாயம், இருபது பிடிப்பவருக்குக் கூடும் அபாயத்தில் ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. மேலும், எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, அடிவரை பிடிக்கிறார்கள். ‘லைட்’ சிகரெட்டிலும் இதுவேதான் நடக்கிறது.

அந்தப் பொடியைச் சாப்பிடாதீர்கள். இவ்விஷயத்தில் என்னால் பொறுமையாக எழுத முடியவில்லை. ‘ஏழே நாளில் மறக்கலாம்’, ‘கணவருக்குத் தெரியாமல் காபியில் கலக்கலாம்’ என்று டீக்கடை வாசலிலும் கைப்பேசியிலும் விற்பவர்கள், விலையில் கணிசமான பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும் தரகர்கள். மோதிரத்தை அடகு வைத்து வாங்கிய பொட்டலத்தை ஒரு பெண்மணி என் மேசைமீது வைத்தார். பிளாஸ்டிக் உறையில் பச்சை நிறத்தில் ஓர் இலைப்படம், கீழே ஒரு கைப்பேசி எண். உட்பொருள், தயாரிப்பு உரிம எண், காலாவதித் தேதி என ஒன்றுமே அதில் இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொருளை, ஒருவருக்குத் தெரியாமல் அவர் வாயில் போடுவது மருத்துவமாகாது. மூலிகை சிகரெட்டும் அப்படித்தான். எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். மின்சிகரெட்டை விற்பதே 2019ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் குற்றம். அதை ‘விடுவதற்கான கருவி’ என்று தருபவரை நம்பாதீர்கள்.

பயனுள்ளது நிகோடின் சூயிங்கம். நிகோடின் அடிமைப்படுத்துகிறது, புற்றுநோயை உண்டாக்குபவையோ முக்கியமாகப் புகையிலுள்ள பிற பொருள்கள். ஆகவே சூயிங்கத்தால் புற்றுநோய் வரும் என்று அஞ்ச வேண்டாம். காலை எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவராக இருந்தால் 4 மில்லிகிராம், இல்லையெனில் 2 மில்லிகிராம் போதும். சாதாரண சூயிங்கம்போல் விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, டீ குடிக்கக் கூடாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு குறைத்துக்கொண்டே வந்து பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தலாம். இத்தனையையும் மருந்துக் கடையில் யாரும் சொல்வதில்லை. இது போதாவிட்டால் வரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகள் உண்டு. மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும், வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

புகையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் 2016 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். சிகரெட் பெட்டியிலேயே அதை அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாக வாங்குபவரின் கண்ணில் அது எப்படிப் படும்? பெட்டியில் 85 விழுக்காட்டை அடைக்கும் எச்சரிக்கைப் படமும் கடைக்காரரின் டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை மையங்கள் இருந்தும், தறிக்கூலியை விட்டுவிட்டுக் காலை நேரத்தில் வரிசையில் நிற்கத் தொழிலாளிகளால் முடிவதில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க எத்தனை முறை கேட்பது?

‘ஐம்பது தாண்டிவிட்டது, இனி விட்டு என்ன பயன்’ என்று எண்ண வேண்டாம். 1951இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் பிரிட்டன் மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 50 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் ஆறு ஆண்டு ஆயுள் கூடியது. உடல் எடை நான்கைந்து கிலோ கூடக்கூடும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பத்து நாளுக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளே சூயிங்கம் வாங்கி வையுங்கள். நீங்கள் வாங்கிய பொடியைப் பிரிக்காமல் கொண்டுபோய், பில் இருந்தால் அதையும் சேர்த்து, மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.